இந்திக் குற்றப்படங்கள் நிஜமாகவே உயர்ந்தவையா? எங்கள் வட்டத்துக்கு ஒரு படம் சொல்லுங்கள்

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போயா (பௌர்ணமி) லீவு நாட்களில் ஹட்டன் டவுனில் சிலர் கூடிப் புத்தகம் பேசுவோம். என்னிடம் படித்த பிள்ளைகள், கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு லீவில் வீட்டுக்கு வருபவர்கள், என்னைப் போல சில ஆசிரியர்கள். இந்த முறை புத்தகத்தை விட்டுவிட்டு ஒரு படம் பார்த்துப் பேசலாம் என்று முடிவெடுத்தோம். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பி, குற்றத்தைப் பற்றிய படம் என்றால் இந்தியில்தான் கலையாக வருகிறது, நம்முடைய மாஸ் படமெல்லாம் ஒரே அச்சு என்கிறார். கதாநாயகன் வந்து இறங்குவது, ஐந்து பாட்டு, இடைவேளைக்கு ஒரு திருப்பம், கடைசியில் வில்லன் சாவது. இன்னொரு பிள்ளை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கேயும் ஒரு அச்சு இருக்கிறது, பாட்டுக்குப் பதிலாகக் கெட்ட வார்த்தை, அவ்வளவுதான் என்கிறாள்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். ராம் கோபால் வர்மாவின் 'சத்யா' (1998), அனுராக் காஷ்யப்பின் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' (2012) முதல் பாகம், அப்புறம் பெரிய நட்சத்திரம் ஒருவர் பொலிஸாக வரும் புதுப் படம் ஒன்று. மூன்றாவதில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டும் அப்படியில்லை, பார்த்து முடித்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பயமும் வந்தது. எங்கள் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு யோசிப்பார்களா, அல்லது துப்பாக்கி வைத்திருப்பவனின் நடையை மட்டும் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களா?

இந்தப் படங்களில் கலைத்தரம் என்று எதைச் சொல்கிறோம்? எங்கள் வட்டத்துக்கு எந்தப் படத்தைப் போடலாம்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பண்டாரவளையான்:

டீச்சர், கோபிக்காதீர்கள். கலை, அச்சு என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். மலையில் அட்டைக்கடி, மழை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு வாக்குவாதம், இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வருபவருக்குப் படத்தில் நல்லவன் ஜெயிக்க வேண்டும். நிஜத்தில் சம்பளப் பேச்சுவார்த்தை ஒன்று முடிவதற்குள்ளேயே வருடம் ஓடிவிடுகிறது. அவருக்கு ரஜினியின் 'பில்லா'வும் 'தீ'யும் எத்தனை முறை போட்டாலும் சலிக்காது. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை என்று நினைக்கிறேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பதும் அழ வைப்பதும் சின்ன வேலையா?

ஹட்டன் பழைய கசெட் கடை:

டீச்சர், பண்டாரவளைத் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன படங்களுக்குப் பிறகு வருகிறேன், முதலில் நீங்கள் பார்த்தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எண்பதுகளின் கடைசியிலிருந்து ஹட்டனில் கசெட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். பிறகு அது சீடிக் கடையானது, டீவீடிக் கடையானது. எல்லாம் போனுக்குள் போன பிறகு மூடிவிட்டேன். தோட்டத்தில் திருவிழா, பெரிய பிள்ளையானால் சடங்கு என்றால் கசெட் போடும் டெக், டீவி, மூன்று கசெட் எல்லாம் ஒன்றாக எடுத்துப் போவார்கள், விடிய விடிய ஓடும். திரும்பி வந்த கசெட்டைப் போட்டுப் பார்க்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டேன். எந்த இடத்தை ரிவைண்ட் பண்ணித் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்களோ அங்கே நாடா தேய்ந்து படத்தில் கோடு விழும். மாஸ் படம் என்றால் சண்டையிலும் பாட்டிலும் கோடு இருக்கும்.

'சத்யா' வந்தபோது பலர் கமல் படம் என்று நினைத்துக் கேட்டார்கள். கமலின் 'சத்யா' 1988, அதுவும் 'அர்ஜுன்' என்ற இந்திப் படத்தின் தமிழ்தான். சிலர் அது இல்லை என்று தெரிந்தும் இதை எடுத்துப் போனார்கள். அந்தக் கசெட்டில் கோடு விழுந்த இடங்களில் ஒன்று, மனோஜ் பாஜ்பாய் நடித்த பீக்கு மாத்ரே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சண்டை பிடிக்கும் காட்சி. அவன் அடிக்கிறான், அவளும் திருப்பி அடிக்கிறாள், அப்புறம் இருவரும் சமாதானமாகிறார்கள். இந்தி ஒரு சொல் தெரியாத வீடுகளில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலைத்தரம் என்று நீங்கள் கேட்பதற்கு என்னிடம் உள்ள முதல் சாட்சி இதுதான். ஊரை நடுங்க வைக்கும் ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது யாராக இருக்கிறான் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. பாஜ்பாய்க்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

அதே பீக்கு சாகும் விதத்தையும் பாருங்கள். தேர்தலில் ஜெயித்த அரசியல்வாதி விருந்துக்குக் கூப்பிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறான். கடைசி வசனம் கிடையாது, மெதுவாக விழுவது கிடையாது. தியேட்டருக்குள் பொலிஸ் வளைக்கும் காட்சியில் சத்யா தப்பிப்பதற்காகத் துப்பாக்கியால் ஒரு வெடி சுடுகிறான். கூட்டம் நெருக்கியடித்து ஓடி, படம் பார்க்க வந்த ஆட்கள் மிதிபட்டுச் சாகிறார்கள். மாஸ் படத்தில் அந்த வெடி ஒரு கைதட்டலுக்குச் சுட்டதாக இருந்திருக்கும். இங்கே அந்தச் சாவுகளைப் படம் மறக்கவில்லை.

சரி, அப்படியென்றால் வணிகப் படம் கலை இல்லையா? 'தீ'யின் மூலம் 1975இல் வந்த 'தீவார்'. சலீம்-ஜாவேத் எழுதி யஷ் சோப்ரா எடுத்த, வசூலுக்காகவே எடுத்த படம்தான். ஆனால் அது எங்கிருந்து தொடங்குகிறது? ஒரு தொழிற்சங்கத் தலைவரின் குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரை முதலாளி பக்கம் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். காரணம் தெரியாத தொழிலாளிகள் அவரைத் துரோகி என்கிறார்கள். அவர் ஊரை விட்டே ஓடிவிட, மூத்த பையனைப் பிடித்து, அப்பன் திருடன் என்று கையில் பச்சை குத்துகிறார்கள். அந்தப் பையன் பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்குகிறான். கூலியில் வாராவாரம் ரவுடிக்குப் பங்கு கொடுக்க வேண்டும், கொடுக்க மாட்டேன் என்கிறான். சங்கம், கையெழுத்து, கூலியில் பிடித்தம், இதெல்லாம் நமக்கு யாராவது விளக்க வேண்டுமா? தம்பியின் அம்மாவுக்குச் சலிக்காததற்கு ரஜினி மட்டும் காரணம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதன் அடியில் அவருடைய வாழ்க்கையே கிடக்கிறது.

'தீவார்' ஓடிய பிறகு வந்தவர்கள் அதிலிருந்து அம்மாவை எடுத்தார்கள், அண்ணன் தம்பியை எடுத்தார்கள், வசனத்தை எடுத்தார்கள். துறைமுகத்தை விட்டுவிட்டார்கள். கூலி எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். முதல் படம் ஓர் இடத்திலிருந்து வருகிறது, பின்னால் வருபவை அந்த முதல் படத்திலிருந்து வருகின்றன. அச்சு என்று உங்கள் பிள்ளைகள் சொல்வது அந்த இரண்டாவது வகையைத்தான்.

இந்திக் குற்றப்படமும் அதிலிருந்து தப்பவில்லை. 'சத்யா'வுக்குப் பிறகு மும்பை தாதாக்கள் எத்தனை பேர் என் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்! மழை, சந்து, தாடி, தாதாவின் பின்னால் நாலு பேர். அதில் 'கம்பெனி' (2002) தனித்து நின்றது, மோகன்லால் பொலிஸ் அதிகாரியாக அடக்கமாக நடித்த படம். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை மும்பைக்குக் கொண்டுவந்தது. பங்கஜ் கபூர் அதில் கையை உயர்த்தாமல், குரலை உயர்த்தாமல் பயமுறுத்துவார். மற்றவற்றில் நிறைய என் அலுமாரியில் தூசி பிடித்தன. இப்போது போனில் வரும் தொடர்களில் சிறு நகரம், நாட்டுத் துப்பாக்கி, வாய் நிறையக் கெட்ட வார்த்தை. உங்கள் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு என் பாராட்டு.

'வாசேபூர்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்து ஆளாக அந்தப் படத்தை நான் வேறு மாதிரிப் பார்த்தேன். வெளியே அதைப் பழிவாங்கும் கதை என்பார்கள். எனக்கு அது தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் ஷாஹித் கான் சுரங்கத்தில் கூலியாக இருக்கிறான். மனைவிக்குப் பிரசவம், போக வேண்டும் என்கிறான். சுரங்கத்து அடியாள் லீவு கொடுக்கவில்லை. அவள் இறந்துவிடுகிறாள். நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கங்காணிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். பிறகு அந்த அடியாளைத் தீர்த்துக்கட்டும் ஷாஹித் கானையே, சுதந்திரத்துக்குப் பின் சுரங்கத்தைப் பிடித்த ராமாதீர் சிங் தன் அடியாளாக வைத்துக்கொள்கிறான். ஊர் மக்களை மிரட்டும் வேலையை இப்போது இவன் செய்கிறான். துரை மாறினால் போதாது என்று இதைவிடத் தெளிவாக ஒரு படம் காட்டி நான் பார்த்ததில்லை. இந்தியாவில் நிலக்கரி 70களின் தொடக்கத்தில் அரசுடைமையானது. நம் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசிடம் போயின. அதற்குப் பிறகு லயத்தில் என்ன மாறியது என்று உங்கள் வட்டத்தில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள், படத்தைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு மனக்குறை உண்டு. அங்கே காஷ்யப் கொலைகளின் அழகில் மயங்கிவிட்டார். டீச்சரின் பயம் அந்தப் பாகத்துக்குப் பொருந்தும்.

இன்னொன்று. இந்திப் படமா, தமிழ்ப் படமா என்று சண்டை போடும் அந்தக் கொழும்புத் தம்பியிடம் சொல்லுங்கள்: 'வாசேபூர்' தொடங்கும்போது திரையில் நன்றி சொல்வது பாலா, அமீர், சசிகுமார் என்ற மதுரைக்கார மூவருக்கு. சொந்த மண்ணுக்குத் திரும்பத் தன்னைத் தூண்டியவர்கள் அவர்கள்தான் என்கிறார் காஷ்யப். 'பருத்திவீரன்' (2007), 'சுப்ரமணியபுரம்' (2008) இரண்டையும் பார்த்தால் காரணம் விளங்கும். அதே காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே'க்கு ஒளிப்பதிவு நட்டி, நம் 'சதுரங்க வேட்டை' கதாநாயகன். 257 பேர் இறந்த 1993 பம்பாய்க் குண்டுவெடிப்பு வழக்கைப் பற்றிய படம். தீர்ப்பு வரும் முன் வெளியிடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்து வைத்து, 2007இல்தான் திரைக்கு வந்தது. அதில் சேரிக்குள் பொலிஸ் ஒருவனைத் துரத்தும் நீண்ட காட்சி இருக்கிறது. ஓடுபவனுக்கும் மூச்சு வாங்குகிறது, துரத்துபவர்களுக்கும் மூச்சு வாங்குகிறது, நின்று நின்று ஓடுகிறார்கள். ஒளிப்பதிவாளனின் உழைப்பு என்றால் அது. பறந்து பறந்து அடிக்கும் எந்தச் சண்டையையும்விட எனக்கு அது பெரிது.

பதுளை வாசுகி:

கடைக்கார அண்ணாவின் பதிலை இரண்டு முறை வாசித்தேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே?

'சத்யா'வில் பீக்குவின் மனைவி பியாரியாக வரும் ஷெஃபாலி உயிருள்ள பெண். ஆனால் கதாநாயகி வித்யா? பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று படம் கடைசியை நெருங்கும் வரை அவளுக்குத் தெரியாது. காதல் பாட்டு வருகிறது, மழை வருகிறது. அண்ணா சொன்ன அச்சுதான் அங்கே அப்படியே இருக்கிறது, எனக்கு அந்தப் பகுதிகள் வேறொரு படம் போலத் தெரிந்தன. 'வாசேபூரில்' ரிச்சா சட்டா நடித்த நக்மா புருஷனுக்குப் பயப்படுவதே இல்லை. அப்படியிருந்தும் கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது பிள்ளைகளைப் பழிவாங்க அனுப்புவதும் அழுவதும்தான். குற்றப்படம் ஆண்களின் வீடு, பெண்கள் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

'மக்பூல்' மட்டும் எனக்கு விதிவிலக்கு. தபு நடித்த நிம்மிக்கு ஆசை இருக்கிறது, திட்டம் இருக்கிறது, அதன் விலையும் அவள் மேலேயே விழுகிறது. அதே தபு ஸ்ரீராம் ராகவனின் 'அந்தாதுன்' (2018) படத்தில் ஒரு கொலையை மறைக்க அடுத்தடுத்து என்னவெல்லாம் செய்கிறார்! அதில் தாதாவும் இல்லை, கும்பலும் இல்லை, துப்பாக்கியோடு நடை போடுபவனும் இல்லை. தமிழில் 'அந்தகன்' (2024) என்று வந்ததில் சிம்ரன் அந்த வேடம் செய்தார். டீச்சர், பையன்கள் யாருடைய நடையைப் பழகுவார்கள் என்ற பயம் இருந்தால் 'அந்தாதுன்' போடுங்கள். பழகுவதற்கு அதில் ஒருவரும் இல்லை, அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள்.

மஸ்கெலியா தம்பி:

அண்ணே, நான் போனில் ஒரு குறும்படம் எடுக்கிறேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் கசிப்பு (கள்ளச்சாராயம்) விற்கும் ஒருவன் கதை. அவன் வரும் முதல் காட்சியை ஸ்லோ மோஷனில், பின்னால் புகையோடு எடுத்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் நல்லா இருக்கு என்கிறார்கள். உங்கள் பதிலை வாசித்த பிறகு குழப்பமாக இருக்கிறது.

ஹட்டன் பழைய கசெட் கடை:

தம்பி, புகையை வெட்டிவிடு. அவன் கசிப்பு காய்ச்சச் சீனி எங்கே வாங்குகிறான், கடன் யாருக்குக் கொடுக்கிறான், சம்பள நாளன்று யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறான், அவனிடம் யார் பங்கு வாங்குகிறார்கள், அவன் மகள் பாடசாலையில் என்ன பெயரில் கேலி செய்யப்படுகிறாள், இதையெல்லாம் எடு. இது உனக்குத் தெரியும், மும்பையில் இருப்பவனுக்குத் தெரியாது. எடுத்து முடித்ததும் எனக்கு அனுப்பு, கட்டாயம் பார்ப்பேன்.

பதுளைத் தங்கச்சி, வித்யாவைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பாட்டுகளில் என் கசெட்டில் கோடே விழவில்லை.

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை. 'வாசேபூர்' பற்றி அண்ணா எழுதியதை வாசித்த பிறகு அதைப் போட ஆசை. ஆனால் இரண்டு பாகமும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல், பஸ் பிடித்துப் போக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தைகளைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசனையாக இருக்கிறது. ஒரே ஒரு படம் என்றால் எது?

ஹட்டன் பழைய கசெட் கடை:

ஒரே ஒன்று என்றால் கோவிந்த் நிஹலானியின் 'அர்த் சத்யா' (1983). விஜய் டெண்டுல்கர் எழுதிய திரைக்கதை. ஓம் பூரிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும், பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். கதாநாயகன் ஒரு சப் இன்ஸ்பெக்டர். நேர்மையானவன். தாதா ராமா ஷெட்டியைக் கைது செய்யப் போய்க் கைது செய்யாமலே திரும்புகிறான், மேலிடத்துச் செல்வாக்கு அப்படி. அந்தக் கோபம் உள்ளே தங்கிவிடுகிறது. ஒருநாள் லொக்கப்பில் ஒரு சின்னத் திருடன் மேல் அது இறங்குகிறது, அவன் செத்துப்போகிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ராமா ஷெட்டியிடமே போய் நிற்க வேண்டிய நிலை. இப்போது வரும் பொலிஸ் படங்களில் லொக்கப்பில் அடிப்பதற்கு விசில் அடிக்கிறார்கள். அந்த விசில் எனக்குப் பொறுக்கவில்லை, டீச்சர். அடிபட்டுச் செத்தவன் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். இந்தப் படம் அந்த அடியை ஒரு வீட்டிலிருந்தே தொடங்குகிறது: அவனுடைய அப்பா ஒரு கான்ஸ்டபிள், அம்மாவை அடித்தவர், படிக்க ஆசைப்பட்ட பையனைப் பொலிஸில் தள்ளியவர். அம்ரிஷ் பூரி நடித்திருக்கிறார்.

அப்புறம், உங்களுடையது புத்தகம் பேசும் வட்டம். இந்தப் படத்தின் நடுவில் ஒரு கவிதை இருக்கிறது. ஸ்மிதா பட்டீல் கல்லூரியில் படிப்பிப்பவராக வருவார். அவர் கையில் இருக்கும் கவிதைப் புத்தகத்தை ஓம் பூரி வாங்கிச் சும்மா வாசிக்கத் தொடங்குவார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறும். திலீப் சித்ரே என்ற மராத்திக் கவிஞர் எழுதியது, படத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். தமிழ் டீச்சருக்கு அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் தொடங்கும் முன் நீங்கள் பார்த்த அந்தப் புது பொலிஸ் படத்தில் லொக்கப் காட்சி ஒன்று இருந்தால் அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பையன்கள் விசில் அடித்தால் அடிக்கட்டும், ஒன்றும் சொல்லாதீர்கள். பிறகு இதைப் போடுங்கள். சப்டைட்டில் விஷயத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். தமிழில் கிடைக்காவிட்டால் உங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் வாசிக்க வரும், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை முன் வரிசையில் உட்கார வைத்து இடையிடையே சொல்லச் சொல்லுங்கள். டெக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். கவிதை வரும் காட்சியில் மட்டும் அவரைப் பேச விடாதீர்கள். அதைத் தமிழில் எழுதி முன்கூட்டியே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.